போனவர்கள் எல்லோரும் திரும்பிய ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் இங்கிலாந்தில் உண்டு, அவற்றை 'நன்றியுள்ள கிராமங்கள்' என்பார்கள் என்று படித்தேன். பெரும் பாக்கியம் அல்லவா? அந்த ஊர்க்காரர்கள் ஏன் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை?

கவிதா, திருச்சி

அன்புள்ள கவிதா,

பாக்கியம்தான். அந்தப் பெயரை 1930களில் வைத்தவர் ஆர்தர் மீ என்ற பத்திரிகையாளர். அவர் உறுதியாகக் கண்டது 24 ஊர்களை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இன்று ஐம்பதுக்குச் சற்று மேல் தெரியவந்திருக்கிறது.

போன பிரிட்டிஷ் படையினரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இறந்த போர் அது. லங்காஷயரின் ஆர்க்ஹோம் 59 பேரை அனுப்பியது. சராசரிப்படி பார்த்தால் ஏழு வீடுகளிலாவது இழவு விழுந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிலும் விழவில்லை. இரண்டாம் போரிலும் அப்படியே. அப்பர் ஸ்லாட்டர் என்ற ஊருக்கும் இரண்டு போர்களிலும் இழப்பில்லை. (பெயரைக் கேட்டதும் படுகொலை நினைவுக்கு வரும். ஆனால் அது சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.)

ஏன் கொண்டாடவில்லை என்கிறீர்கள். அதே லங்காஷயரில் அக்ரிங்டன் இருக்கிறது. கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே படைப்பிரிவில் சேர்ந்தார்கள். 1916 ஜூலை 1 காலை, சோம் போர்க்களத்தில், முன்னேறிப்போன சுமார் 700 பேரில் 580க்கு மேற்பட்டவர்கள் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். அரைமணி நேரத்தில். பக்கத்துத் தெருவில் சாவு என்றால் நாம் கல்யாண மேளத்தையே நிறுத்திவிடுகிறோம். சுற்றிலும் அப்படி ஊர்கள் இருக்கும்போது, என் பிள்ளை வந்துவிட்டான் என்று ஒரு தாய் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

இன்னொன்றும் உண்டு. யார்க்ஷயரின் கேட்விக்கிலிருந்து 30 பேர் போய் 30 பேரும் வந்தார்கள் என்று எழுதிய மீ, அவர்களில் ஒருவர் ஒரு கையை அங்கேயே விட்டுவந்ததையும் எழுதினார். கணக்கில் அவர் முழுசாகத் திரும்பியவர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அந்தப் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை நேர்ந்த சாவுகளையே எடுத்துக்கொள்கிறது. நச்சுப்புகையில் நுரையீரல் வெந்துபோய் ஊர் திரும்பி, 1922 குளிர்காலத்தில் சொந்தக் கட்டிலில் இருமி இருமிச் செத்தவனும் அந்தப் பட்டியலில் உயிரோடு வந்தவன்தான்.

அன்புடன்.