கேள்வி–பதில்: கப்பல் புகை யார் கணக்கில்?

(பதில் சொல்பவர் சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: கடல் கடந்து வரும் பொருளை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் உற்பத்தியானதை மட்டும் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, பெரிய கன்டெய்னர் கப்பல் விடும் கரியமில வாயு சுமார் 10 முதல் 20 கிராம். லாரி அதைப்போலப் பல மடங்கு விடும். விமானத்துக்கு 500 கிராமுக்கு மேல்.

ஆனால் விமானத்தில் வந்ததாலேயே ஒரு பொருள் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 2007இல் ஒரு ஒப்பீடு செய்தது. கென்யாவில் வெயிலில் வளர்ந்து விமானத்தில் வந்த 12,000 ரோஜாக்களுக்குச் சுமார் 6 டன் கரியமில வாயு. பக்கத்து நெதர்லாந்தில், எரிவாயு எரித்துச் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தவற்றுக்கு 35 டன்! அதற்காகக் கென்ய ரோஜாவைக் கொண்டாடவும் வேண்டாம். அந்தப் பண்ணைகள் உறிஞ்சும், கென்யாவின் நைவாஷா ஏரித் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. எந்த எரிசக்தியில் உற்பத்தியானது, எதில் ஏறி வந்தது என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு தூரம் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நடுக்கடலில் கப்பல் விடும் புகை எந்த நாட்டின் கணக்கில் சேரும்?

எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. 1997ஆம் ஆண்டு கியோட்டோ ஒப்பந்தம் பன்னாட்டுக் கப்பல், விமான எரிபொருளை நாடுகளின் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. கப்பலை ஐ.நா.வின் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பிடம் ஒப்படைத்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முதலாளி ஒரு நாடு, கப்பல் பதிவாகிப் பறக்கவிடும் கொடி பனாமா அல்லது லைபீரியா, மாலுமிகள் வேறு நாடு, சரக்கு இன்னொருவருடையது. புகையை யார் தலையில் எழுதுவது?

ஆனால் கப்பல் புகையின் அளவு சின்னதல்ல. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட 3 சதவீதம். 2050ஐ ஒட்டி நிகர பூஜ்ஜியம், அதாவது விடும் வாயுவும் அகற்றும் வாயுவும் சமம் என்று அந்த அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2025 அக்டோபரில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது, ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. தன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களிடம் 2024இலிருந்தே கார்பனுக்குக் காசு கேட்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: கப்பலின் வேகத்தைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள். தாமதமாகப் போனால் அதிக நாள் இன்ஜின் ஓடுமே?

நல்ல கேள்வி. இன்ஜினுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் இறங்கும். கூடுதலாக ஓடும் நேரத்தைச் சேர்த்தாலும் அந்தப் பயணத்துக்குச் சுமார் 19 சதவீதம் எண்ணெய் மிச்சம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் கன்டெய்னர் கம்பெனிகள் வேகத்தை இறக்கியது பூமி மேல் இருந்த பாசத்தால் அல்ல, பங்கர் பில்லை, அதாவது கப்பல் எரிபொருள் செலவைப் பார்த்துத்தான். இன்ஜின் ரூமில் எங்களுக்கு அது தலைவலி. முழுச்சுமைக்குச் செய்த இன்ஜினைக் குறைந்த சுமையில் ஓட்டினால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரிலும், புகையின் சூட்டில் நீராவி எடுக்கும் பாய்லரிலும் கரி அப்பிக்கொள்ளும். சுத்தம் செய்தே கை கறுத்துவிடும்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறு விஷயம். நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதல் இடம். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தமும் “தாமதிக்காமல் போ” என்று சொல்லும். அதனால் கேப்டன் முழு வேகத்தில் விரட்டுவார். போய்ச் சேர்ந்து நங்கூரம் போட்டு நாள்கணக்கில் வரிசையில் கிடப்போம். பெர்த் (கப்பல் கட்டும் இடம்) எப்போது காலியாகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற வேகத்தில் வரச் சொல்லலாம். புது எரிபொருளோ புதுக் கப்பலோ வேண்டாம், அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி மாற்றினால் போதும். அந்த இரண்டு வரிக்குத்தான் யாரும் இசைய மாட்டேன் என்கிறார்கள்.

கேள்வி: உலகமயமாக்கலை நிறுத்திவிட்டால் பூமி பிழைத்துக்கொள்ளுமா?

2020இல் பாதி உலகம் கதவை மூடியும் கரியமில வாயு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. மீதி எல்லாம் மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் எரிந்துகொண்டேதான் இருந்தது. அதோடு, சோலார் பேனல் இவ்வளவு மலிவானதும் இதே உலகச் சந்தையால்தான். ஆனால் அதன் உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் குவிந்திருப்பது நல்லதல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் போகும் சரக்கின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான். அவற்றை எரிப்பது குறைந்தால் கப்பல்களும் தானாகக் குறையும்.

கேள்வி: பாய்மரம் திரும்பி வருமா?

வந்துவிட்டது. 2023இல் ‘பிக்சிஸ் ஓஷன்’ என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரமுள்ள, பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும், மடக்கி விரிக்கும் இரண்டு இறக்கைகளைப் பொருத்தினார்கள். சோதனை ஓட்டத்தில் நாளுக்குச் சராசரி 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அதை ஓட்டிய கார்கில் நிறுவனம் சொன்னது. இன்ஜின் அப்படியே இருக்கிறது, அதனால் என் சகாக்களுக்கு வேலை போகாது.