240 ரூபாய்க்குக் காத்திருக்கும் ரப்பர் சீட்

கேள்வி: அக்கா, குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் விலை உச்சத்தில் இருந்தபோது என் அண்ணன் கிலோ 240-க்குத் தன் ரப்பர் சீட்டை (பாலை உறையவைத்து உலர்த்திய தகடு) எல்லாம் விற்றுவிட்டான். என் வீட்டுக்காரர் ‘300 வரும்’ என்று இருந்தார். விலை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கைச்செலவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பதோடு சரி, ‘240 வரட்டும்’ என்கிறார். இப்போது 400 கிலோ கிடக்கிறது. கடையில் 190 சொல்கிறார்கள். மகளின் நர்சிங் பீஸுக்கு என் நகையை ஒரு வட்டிக்கு வைத்து 75,000 வாங்கினோம். நாலு மாத வட்டியும் கட்டியாயிற்று. அன்றைக்கே விற்கச் சொல்லி நான் அவ்வளவு சொன்னேன். என் அண்ணனை விட்டு ஒருமுறை பேசச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அண்ணன் விஷயம். தயவுசெய்து அவரை அனுப்பாதீர்கள். 240-க்கு விற்ற மனிதர் வந்து உட்கார்ந்து ‘190-க்குக் கொடுத்துவிடுங்கள் மச்சான்’ என்றால், உங்கள் வீட்டுக்காரர் அந்தச் சீட்டை இன்னும் ரெண்டு வருஷம் வைத்திருப்பார். மைத்துனருக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவரைக் கடிக்கிறது. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அந்த 240 அவர் மனதில் எப்படி உட்கார்ந்தது என்று பாருங்கள். டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-இலோ 65-இலோ மட்டும் நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். அப்புறம், ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்கள் சொன்னதன் நடு மதிப்பு 25, 65 பார்த்தவர்கள் சொன்னது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் ஆளைப் பிடித்து இழுத்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரருக்கு 240 ஒன்றும் சக்கரத்தில் வந்த எண் இல்லை, உண்மையான விலை. 2011 ஏப்ரலிலும் அதே 240-ஐத் தாண்டியது. நம் பக்கத்தில் அந்த வருஷம் ரப்பர் பணத்தில் கட்டிய வீடுகளை இன்றும் கைகாட்டிச் சொல்வார்கள். 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனது. மறுபடி பழைய உச்சத்தைத் தாண்ட 2024 ஆக வேண்டியிருந்தது. 13 வருஷம். இதற்குள் அந்த 240 ரூபாய்க்குக் கடையில் என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது என்பது அரிசி வாங்கும் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் மனம் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. 240 என்பதே ‘நியாய விலை’ என்று அதில் பதிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எது வந்தாலும் நஷ்டம்.

நஷ்டம் என்ற அந்த உணர்வு பொல்லாதது. ஆயிரம் ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போகிற வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இதே இருவரின் ஆய்வுகள் சொல்கின்றன. விற்காமல் வைத்திருக்கும்வரை நஷ்டம் காகிதத்தில்கூட ஏறாது. 190-க்கு எடை போட்டுவிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய், 400 கிலோவுக்கு 20,000 ரூபாய் ‘போனது’ என்று முடிவாகிவிடும். அவர் தள்ளிப்போடுவது விற்பனையை அல்ல, அந்த நிமிஷத்தை.

இதே குமரி மாவட்டத்தில் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். முகூர்த்த நாளில் எங்கோ போன பிச்சிப்பூ அடுத்த நாள் பாதி விலைக்கும் கீழே வந்து நிற்கும். ‘நேற்றைய விலை வந்தால்தான் தருவேன்’ என்று யாராவது கூடையை மூடிக்கொண்டு போகிறார்களா? சாயங்காலத்துக்குள் வாடிவிடும், அதனால் போகாது. அவர்கள் உங்கள் வீட்டுக்காரரைவிடப் புத்திசாலிகள் என்று நான் சொல்லவில்லை. பூ அவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை. ரப்பர் சீட் இடம் கொடுக்கிறது, அதுதான் வம்பு. கொடுக்கிறதே தவிர சும்மா இருப்பதில்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த மழையில் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கும். துணியால் துடைத்தால் போகும், அடுத்த வாரம் திரும்ப வரும். கடைக்காரர் கிரேடைக் குறைக்க அது போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். 75,000-க்கு ஒரு வட்டி என்றால் மாதம் 750 ரூபாய். 400 கிலோவை 190-க்கு விற்றால் 76,000. அதாவது கடன் முழுவதும் அடையும் சரக்கை உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு வெளியே வட்டி கட்டுகிறீர்கள். ‘சீட் தனி, நகை தனி’ என்று வீட்டில் இரண்டு நோட்டு ஓடுகிறது. 2017-இல் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், இப்படி ஒரே வீட்டுப் பணத்தை மனதுக்குள் தனித்தனிக் கணக்காகப் பிரித்து வைப்பதற்கு ‘மனக்கணக்கு’ (mental accounting) என்றே பேர் வைத்தார்.

இதில் உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும்போது விலை ஏறுவது உண்டு. மார்ச் வரை ஐந்து மாதம் வைத்திருந்தால் வட்டி 3,750, கிலோவுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். ஆக மார்ச்சில் 200 கிடைத்தால் கை கடிக்காது. 200-க்கு மேல் வருமா, பூசணம் எவ்வளவு தின்னும் என்று யோசிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை, விவசாயி யோசிக்க வேண்டியதுதான். ஆனால் அவர் பார்க்க வேண்டிய எண் 200. 240-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் மார்ச்சில் 210 வந்தாலும் விற்க மாட்டார்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: “இந்த 400 கிலோ நம்மிடம் இல்லை, கையில் 76,000 ரொக்கம் இருக்கிறது என்று வையுங்கள். வட்டிக் கடனை வைத்துக்கொண்டு அந்தப் பணத்துக்கு இன்றைக்கு ரப்பர் சீட் வாங்குவீர்களா?” வாங்க மாட்டேன் என்றால் வைத்திருக்கவும் கூடாது; விற்காமல் வைத்திருப்பதும் இன்றைக்கு அதை வாங்குவதும் ஒன்றுதான்.

அப்புறம், உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே சொல்லியிருப்பீர்கள். ஆனால் எவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்? 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்கும் என்று இஸ்ரேலில் மாணவர்களிடம் கேட்டு வைத்தார்கள். போய் வந்த பிறகு, நீங்கள் முன்பு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததை எல்லாம் ‘நடக்கும் என்று அப்போதே நினைத்தேன்’ என்ற பக்கம் பலர் சாய்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் விலை 300-க்குப் போயிருந்தால் இந்தப் பேச்சை நீங்கள் மறந்திருப்பீர்கள். அந்த வாக்கியத்தை வீட்டில் ஒரு மாதம் எடுக்காதீர்கள். கட்டிய நாலு மாத வட்டியையும் இழுக்க வேண்டாம். விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த 3,000 திரும்பாது.

நான் சொல்வது இது: 300 கிலோவை இப்போதே விற்றுவிடுங்கள், 57,000 வரும். மீதி 100 கிலோ அவருடைய ஆசைக்கு. அதற்கும் ஒரு விலை, ஒரு தேதி அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் என்ன விலையோ அதற்குப் போகட்டும். இனிமேல் வெட்டும் பாலுக்கு மாதம் ஒரு விற்பனை நாள் வையுங்கள். சிலசமயம் அடிமாட்டு விலையிலும் விற்க நேரும், சிலசமயம் உச்சத்திலும் விற்பீர்கள்.

வண்டியில் ஏற்றுமுன் இரண்டு கடையில் கிரேடும் விலையும் கேளுங்கள். பணம் வந்த அன்றைக்கே அடகு வைத்த இடத்துக்குப் போய்க் கட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் அதற்குக் கூரை ஒழுகுகிறது, பைக்குக்கு டயர் மாற்ற வேண்டும் என்று வேறு வேலை வந்துவிடும்.