நினைப்பதெல்லாம் நிஜமா? – மனநலம் கேள்வி பதில்

கேள்வி: மனச்சோர்வுக்காகச் சில மாதங்களாக மனநல மருத்துவரைப் பார்த்து வருகிறேன். இப்போது சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்குப் பரிந்துரைத்திருக்கிறார். ‘நல்லதையே நினை’ என்று ஊரெல்லாம் இலவசமாகச் சொல்லும் அறிவுரையைத்தான் அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வார்களா?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ‘நல்லதையே நினை’ என்று சொல்லி யாருடைய சோர்வும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. அதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்ற குற்றவுணர்வுதான் புதிதாகச் சேரும். சி.பி.டி. நல்லதாக நினைக்கச் சொல்வதில்லை, நினைப்பது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறது.

இதை வகுத்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). ஆழ்மனத்தை ஆராயும், ஃபிராய்டு வழிவந்த உளப்பகுப்பாய்வு முறையில் பயின்ற அவர், பிறர்மீது உள்ள கோபம் தன்மீதே திரும்புவதுதான் மனச்சோர்வு என்ற அந்த மரபின் கருத்தை நிறுவுவதற்காகவே நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கனவுகளிலோ கோபத்தைவிடத் தோல்வியும் இழப்புமே நிறைந்திருந்தன. விழித்திருக்கும்போதும் ‘நான் எதற்கும் உதவாதவன்’, ‘இனி எதுவும் மாறாது’ என்பது போன்ற எண்ணங்கள் அழைக்காமலேயே வந்து போவதை அவர்களுடைய பேச்சிலிருந்து அறிந்துகொண்டு, அவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயரிட்டார். தான் நிறுவப் போன கருத்துக்குச் சான்று இல்லையென்று கண்டதும் அதைக் கைவிட்ட ஒருவர், நோயாளிகளிடமும் அதையே எதிர்பார்த்தது பொருத்தம்தான்.

அமர்வில் நடப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை இரண்டு இடங்களில் அடிக்கோடிட்டு மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அன்று இரவு உறக்கமில்லை. சிகிச்சையாளர் ஆறுதல் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் மனத்தில் ஓடியது என்ன என்று கேட்பார். ‘என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது’ என்று தாளில் எழுதுகிறீர்கள். நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்றால், 90 என்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு பக்கம் அந்த எண்ணத்துக்கு ஆதாரம், மறுபக்கம் எதிரான ஆதாரம். முதல் பக்கத்தில் இரண்டு பிழைகள் ஏறுகின்றன. மறுபக்கத்தில், மிகுந்த தயக்கத்துக்குப் பிறகு, சென்ற ஆண்டு திருத்தமில்லாமல் ஏற்கப்பட்ட அறிக்கைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ‘இந்த அறிக்கையில் இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எண்ணத்தைத் திருத்தி எழுதிய பிறகு, பழைய வாக்கியத்தின் மீதான நம்பிக்கை 50-க்கு இறங்குகிறது. பூஜ்யத்துக்கு இறங்காது, இறங்கவும் வேண்டியதில்லை. சில வேளைகளில் அந்த எண்ணம் உண்மையாகவே இருந்துவிடும். அப்போது பேச்சு எண்ணத்தை விட்டுப் பிரச்சினையைத் தீர்க்கும் வழிக்குத் திரும்பும்.

கேள்வி: திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, உயிரே போய்விடும் போலிருக்கிறது. இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. பேனிக் அட்டாக் என்கிறார்கள். உடம்பில் நடப்பதை எண்ணத்தால் எப்படிச் சரிசெய்ய முடியும்?

பதில்: பரிசோதனைகளை முதலில் முடித்தது நல்லது. உங்களுக்கு வரும் படபடப்பு கற்பனையன்று. அதற்கு நீங்கள் கொடுக்கும் பொருளில்தான் சிக்கல் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார்: இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, ‘மாரடைப்பு’ என்று மனம் முடிவுகட்டுகிறது, அந்த அச்சம் துடிப்பை மேலும் கூட்டுகிறது, கூடிய துடிப்பு முதல் முடிவுக்குச் சான்றாகிவிடுகிறது.

சிகிச்சையாளர் உங்களை ஓரிரு நிமிடங்கள் வேகவேகமாக மூச்சிழுத்து விடச் சொல்லக்கூடும். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் தலை சுற்றும், விரல் நுனிகள் மரக்கும். நீங்கள் அஞ்சி நடுங்கிய அதே உணர்வுகள் ஓர் அறையில், நாற்காலியில் அமர்ந்தபடியே, மூச்சினால் மட்டும் உண்டாகி, மூச்சு சீரானதும் அடங்குவதைக் காண்பீர்கள். பத்து முறை விளக்கிச் சொல்வதைவிட இந்த ஒரு சோதனை கூடுதலாக உதவுகிறது. (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.) அதன் பிறகு, படபடப்பு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வது, எங்கே போனாலும் துணைக்கு ஆள் தேடுவது போன்ற தற்காப்புப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கைவிடச் சொல்வார். சுவரைப் பிடித்திருக்கும்வரை, ‘பிடித்ததால்தான் பிழைத்தேன்’ என்றே மனம் கணக்கெழுதிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் கணவர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. ‘மனம் சரியானதும் எல்லாம் செய்கிறேன்’ என்கிறார். எண்ணங்களை எழுதும் அளவுக்கு அவருக்குத் தெம்பில்லையே?

பதில்: எழுத வேண்டாம், செயலிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சிகிச்சையின் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணங்களைத் தொடாமல் அன்றாடச் செயல்களை மட்டும் மீட்டுக் கொடுத்த பிரிவினரும், முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராகவே தேறினார்கள். எண்ணத்தை மாற்றுவதே மையம் என்று கருதிய துறைக்கு இது சங்கடமான முடிவுதான்.

மனம் சரியாகட்டும் என்று உங்கள் கணவர் காத்திருக்கிறார். சோர்விலோ பெரும்பாலும் செயல் முதலில் வந்து, மனம் பின்னால் வருகிறது. நாளை காலை எட்டு மணிக்கு எழுந்து பல் துலக்கிவிட்டு வாசல்வரை நடப்பது என்ற அளவில் தொடங்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நிறைவளித்தது என்று பத்துக்கு மதிப்பெண் இடச் சொல்லுங்கள். வசை வேண்டாம். ‘வாழ்ந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு அவர் வாயில் வந்தால் மட்டும், மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மருந்து எடுத்துத் தேறிவிட்டேன். இனியும் சி.பி.டி. தேவையா?

பதில்: 2005-இல் பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்கள் இணைந்து, மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு கொண்ட 240 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. 16 வாரங்களில் மருந்து பெற்றவர்களும் இச்சிகிச்சை பெற்றவர்களும் சம அளவில், ஏறக்குறைய 58 சதவீதம், தேறினார்கள். வேறுபாடு அடுத்த ஓராண்டில் தெரிந்தது: தேறியபின் மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதத்தினருக்கும், சி.பி.டி.யை முடித்துக்கொண்டவர்களில் 31 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது 47 சதவீதம். ஆகவே தேறிய நிலையிலும் இதைக் கற்றுக்கொள்வது வீணல்ல. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் மாதங்களிலேயே அமர்வுகளையும் தொடங்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.