வீட்டுத் தையல் மெஷினில் ஜீன்ஸ் காலை மடித்து அடிக்கும்போது ஊசி உடைகிறது. கார்மென்ட் மெஷின்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: பக்கத் தையல் வரும் இடத்தில் மெஷின் நகர மாட்டேன் என்கிறது, தையல் ஒரே இடத்தில் குவிகிறது, ஊசி உடைகிறது, கடைக்காரர் "இது வீட்டு மெஷின் வேலை இல்ல" என்று கையை விரித்துவிட்டார். மெஷின் விற்கிறவரிடம் கேட்டால் வேறு என்ன சொல்வார்?

நான் இலங்கையில், கட்டுநாயக்காவில் கார்மென்ட்டில், அதாவது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், கால்சட்டை லைனில் இருந்தவள். இப்போது அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் அம்மாவின் பழைய கறுப்பு மெஷினில் கையால் சுற்றித்தான் தைக்கிறேன். இரண்டிலும் தைத்தவள் என்பதால் சொல்கிறேன். டிப்ளோமா முடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் படித்து எழுதவில்லை.

முதலில் அந்த இடத்தில் எத்தனை துணி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜீன்ஸின் மடக்குத் தையலில் நான்கு அடுக்கு. காலை இரண்டு தரம் மடித்தால் அது மும்மடங்கு. மூன்று நான்கு பன்னிரண்டு. பக்கத்திலேயே வெறும் மூன்று அடுக்குதான். துணியை மேலிருந்து அமுக்குகிற ஃபுட்டின் மூக்கு அந்த மேட்டில் ஏறும், குதிகால் பள்ளத்திலேயே நிற்கும். கீழே இருக்கிற பல், துணியை ஃபுட்டோடு சேர்த்துப் பிடித்தால்தானே தள்ளும்? ஃபுட் சாய்ந்துவிட்டால் பிடி போய்விடும். நீங்கள் நகரவில்லையே என்று துணியைப் பின்னால் இழுப்பீர்கள், ஊசி வளைந்து தட்டில் இடிக்கும், டக். பலம் இல்லாமல் உடையவில்லை, ஃபுட் சாய்ந்ததால் உடைந்தது.

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பில் கடைகளில் நிற்கிற பொடியன்கள் எல்லாம் அன்றைக்குத்தான் புது ஜீன்ஸோடு ஊருக்கு வருவார்கள். எல்லாமே காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம். விடிந்தால் பண்டிகை, பஜாரில் தையல்காரர் கடையை மூடியாயிற்று. மேல் லயத்துப் பொடியன் ஒருத்தன் வந்து, "அக்கா, அடிக்க முடியலன்னா சொல்லிடுங்க, பின் குத்திக்கிறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. உட்காரு என்றேன்.

வெட்டி எடுத்த கால்துண்டைத் தூக்கிப் போடவில்லை. அது அதே துணி, அதே மொத்தம். மடித்த காலில் அந்த மேட்டை மட்டும் பழந்துணியில் சுற்றி, வாசற்கல்லில் வைத்து, அம்மிக்குழவியால் நன்றாகத் தட்டினேன். (சிரிக்காதீர்கள், கார்மென்ட்டிலும் சுத்தியலால் தட்டித்தான் மெஷினுக்குள் விடுவோம்.) தையலை மேட்டில் தொடங்காமல், தள்ளி, சமமான இடத்தில் தொடங்கினேன். ஃபுட்டின் மூக்கு மேட்டைத் தொட்டதும் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு ஃபுட்டைத் தூக்கினேன். கால்துண்டை மடித்து மடித்து மேட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஃபுட்டின் குதிகாலுக்கு அடியில், ஊசிக்குப் பின்னால் செருகினேன். ஃபுட்டை இறக்கியதும் மட்டமாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சக்கரத்தை ஒவ்வொரு குத்தாகச் சுற்றினேன். "ஊசி போயிரும்க்கா, ஊசி போயிரும்" என்று பொடியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகவில்லை.

எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் சொல்வார்கள், இறங்குவதை விட்டுவிடுவார்கள். மேட்டைத் தாண்டும்போது ஃபுட்டின் மூக்கு கீழே சாயும், துணி சறுக்கி ஒரு தையல் நீளமாக விழும். அப்போது அதே துண்டை எடுத்து முன்பக்கம், மூக்குக்கு அடியில் வையுங்கள். தையல் நீளத்தை மூன்று, மூன்றரை மில்லிமீட்டருக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் மெஷின் என்றால் மேட்டில் பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள், மோட்டார் முனகிச் சூடாகும். காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். சில புது மெஷின்களில் ஃபுட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் இருக்கும். ஃபுட்டை மட்டமாகப் பிடித்து அதை அழுத்திக்கொண்டே இறக்கினால் அப்படியே நிற்கும், துண்டு தேவைப்படாது.

ஊசி 16ஆம் நம்பர் போடுங்கள், ஜீன்ஸ் ஊசி என்று கேளுங்கள். பாக்கெட்டில் 100/16 என்று இருக்கும், அந்த 100 என்பது ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. ரொம்ப மொத்தம் என்றால் 18. ஆனால் கார்மென்ட் மெஷின் ஊசியை நம் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள், பார்த்து வாங்குங்கள். அதன் மேல்தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

இந்த ஊசிக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! எங்கள் பஜாரில் 14க்கு மேல் கிடைக்கவில்லை என்று தீபாவளிக்குப் பல நாள் இருக்கும்போதே தபாலில் வரவழைத்தேன். எங்களுக்கு ஏது வீட்டு நம்பர்? பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே யாருக்காவது ஞாபகம் வந்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் நமக்கு. என் ஊசி அங்கேயே கிடந்து பண்டிகை முடிந்த பிறகு வந்தது. ஊசி பரவாயில்லை. தங்கச்சிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒரு தடவை இப்படித்தான் தேதி தாண்டி வந்தது. நம்ம மலையகத் தமிழ் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இருநூறு வருஷத்தில் கதவுக்கு ஒரு நம்பர் போட முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், யாராவது கீழே வந்து அதைச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அதனால் அந்த ராத்திரி ஜீன்ஸை அடித்தது சாதாரண 14ஆம் நம்பர் ஊசியில். கையால் சுற்றினதால் தாங்கியது. நீங்கள் 16 கிடைக்கிற இடத்தில் இருந்தால் 14இல் விஷப்பரீட்சை வேண்டாம்.

எல்லா மொத்தத்தையும் இப்படி ஏற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஃபுட்டைத் தூக்கி நிறுத்தினாலும் அதற்கு அடியில் நுழையாத துணி என்றால் அது உங்கள் மெஷினுக்கு இல்லை, தள்ளி நுழைக்காதீர்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற மொத்தத் துணியான படங்கு நான் அடிக்கிறேன், ஒரு மடிப்பு வரைக்கும். ஸ்கூல் பை வார் பிய்ந்தது, தோல் செருப்பு என்று கொண்டு வந்தால் பஜாரில் செருப்புத் தைக்கிறவரிடம் அனுப்பிவிடுவேன்.