புதைபடிவ எலும்பில் கதிரியக்கம்: வீட்டில் வைத்திருக்கலாமா?

டைனோசர் எலும்புத் துண்டு ஒன்றின் அருகே கைகர் கவுண்ட்டரை (கதிர்வீச்சை அளக்கும் கருவி) கொண்டுபோனால் படபடவென்று அடிக்கிறது, வீட்டில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையளவுத் துண்டு என்றால் தாராளமாக வைக்கலாம். நானும் வைத்திருக்கிறேன். நான் கவனிப்பது அந்தச் சத்தத்தைவிட, தூசியையும் அடைபட்ட காற்றையும்தான்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் யுரேனியம் என்ற கதிரியக்கத் தனிமம். விலங்கு உயிரோடு இருந்தபோது அந்த எலும்பில் அது பெயருக்குத்தான் இருந்திருக்கும். புதைந்த பிறகு நிலத்தடி நீரில் கரைந்து வருவதை எலும்பின் கால்சியம் பாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக, எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் மோரிசன் பாறை அடுக்கு டைனோசருக்கும் பேர்போனது, யுரேனியத்துக்கும் பேர்போனது. யூட்டாவில் 1990இல் தலையில்லாமல் கிடைத்த அல்லோசரஸ் என்ற டைனோசரின் மண்டையோட்டை, 1996இல் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்தே தேடிப் பிடித்தார்கள்! சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரி), இலைப்பதிவு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. எலும்பு, பல், சில கல்மரத் துண்டுகள், இவற்றைத்தான் சோதிக்க வேண்டும்.

யுரேனியம் வெளியிடும் ஆல்ஃபா துகள் நம் தோலைக்கூடத் தாண்டாது. ஆனால் அதே பொருள் தூசியாக நுரையீரலுக்குள் போனால் கதை வேறு. அதனால் அறுப்பது, துளைப்பது, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது வேண்டாம். மேலே மஞ்சள் பொடி படிந்திருந்தால் அறவே வேண்டாம். உடைந்து உதிர்கிற துண்டைக் கையுறை போட்டுத் தொடுங்கள். எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம், நாக்கில் ஒட்டினால் எலும்பு, ஒட்டாவிட்டால் கல் என்று களத்தில் ஒரு பழைய சோதனை உண்டு. கவுண்ட்டர் அடிக்கிற துண்டில் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

இன்னொன்று ரேடான். யுரேனியம் சிதையும் வரிசையில் ரேடியம் வரும், அதிலிருந்து இந்த வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. அரைவாழ்வு, அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள்தான், ஆனாலும் மூடிய பெட்டியிலும் இழுப்பறையிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு துண்டு பெரிய விஷயமில்லை; அலமாரி நிறைய இருந்தால் அந்த அறைக்கு ரேடான் அளவி ஒன்று வாங்குவது நல்லது. ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னல் உள்ள அறையில் வையுங்கள், பெட்டியைத் திறந்ததும் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்தத் துண்டுகளிலிருந்து தோலைத் தாண்டி ஊடுருவும் காமா கதிரும் வரும்; அதிலிருந்து தப்பத் தூரமே போதும். கட்டில் தலைமாட்டில் வைக்காமல் எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து படுக்கை வரை கவுண்ட்டரோடு நடந்து பாருங்கள். எண் மளமளவென்று இறங்கும். பிறகு யாருக்காவது கொடுப்பதானால், அளந்த எண்ணையும் எவ்வளவு தூரத்தில் அளந்தீர்கள் என்பதையும் சீட்டில் எழுதிச் சேர்த்தே கொடுங்கள்.