தூங்காமல் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் சமையல் எரிவாயு டேங்கர் லாரி ஓட்டுநர், நாமக்கல் மாவட்டம். 2025 செப்டம்பரில் மங்களூரில் லோடுக்காக ஒரு பகல் முழுவதும் வரிசையில் நின்றேன். அன்று இரவே கிளம்பச் சொல்லி உரிமையாளர் நெருக்கினார். மாற்று ஓட்டுநர் அனுப்பவில்லை; கிளீனர் மட்டும்தான். கண்ணூர், பாலக்காடு, கோவை வழியாக 15 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். பெருந்துறை அருகே கண் அசந்தது போல இருந்தது. சாலை நடுத்தடுப்பின் இடைவெளியில் பைக்கில் குறுக்கே வந்தவர் மீது வண்டி மோதி அவர் இறந்துவிட்டார். எரிவாயு கசியவில்லை. நானே காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னேன். இப்போது வழக்கு என்மேல் மட்டும்தான். உரிமையாளர் மூன்று மாதச் சம்பளத்தையும் படியையும் நிறுத்தி வைத்திருக்கிறார். வழியில் இரண்டு இடங்களில் ஓய்வெடுத்ததாக எழுதிய டிரிப் ஷீட்டில் கையெழுத்துக் கேட்கிறார். ஆர்.டி.ஓ. நோட்டீசும் வந்திருக்கிறது. ஓய்வு தராமல் ஓட்டவைத்த உரிமையாளர்தான் குற்றவாளி என்று தொழிலாளர் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதிக் கொடுத்தால் தப்பிக்க முடியுமா? பத்து ஆண்டு சிறை என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: முடியாது. எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் நீங்களே உங்களுக்கு எதிராக எழுதிய சாட்சியம். உங்களைக் காப்பாற்றக்கூடிய விஷயம், நடுத்தடுப்பின் இடைவெளியில் பைக் குறுக்கே வந்தது. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு மறுபடியும் தூக்கமின்மைக்குப் போய்விட்டீர்கள். உரிமையாளர் திட்டியது, தீபாவளிக்கு முன்பணம் தராதது, கிளீனர் சாப்பிடக்கூட இறங்க முடியாதது எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். குற்றவியல் நீதிமன்றத்துக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மோதிய அந்த நொடியில் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பது மட்டுமே அங்கே கேள்வி.

முதலில் அந்தப் பத்து ஆண்டுப் பயத்தை விடுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அது. தகவல் சொல்லாமல் ஓடிப்போகிறவர்களுக்கானது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அது நடைமுறையில் இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் ஓடவில்லை. உங்கள்மேல் இருப்பது முதல் உட்பிரிவு, கவனக்குறைவால் மரணம். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்.

இதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. நேரில் பார்த்தவர் சாட்சியம், விபத்து நடந்த இடத்தைப் போலீசார் வரைந்த மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய மூன்றும்தான் அவர்களிடம் இருக்கும். வேகமாக வந்தான் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது என்று 1998-இல் கர்நாடக அரசு – சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் வழக்கறிஞர்கள் காட்டி வாதாடுகிறார்கள். வரைபடத்தில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, வண்டி நின்ற இடம் எது, டயர் தடம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வழக்கில் நீங்களாகவே போய், தூக்கம் வருகிறது என்று தெரிந்தும் 18 டன் எரிவாயுவை வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தால், அரசு வழக்கறிஞருக்கு வேறு சாட்சியே தேவையில்லை. தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டுவதே கவனக்குறைவுதான். நீங்கள் கடந்து வந்த கண்ணூர் சாலாவில் 2012 ஆகஸ்டில் எரிவாயு டேங்கர் விபத்துக்குள்ளாகி 20 பேர் உயிரிழந்தார்கள். டேங்கர் என்றாலே நீதிபதிக்கு அந்த நினைப்பு வரும்.

உரிமையாளர் கட்டாயப்படுத்தினார் என்பது தற்காப்பு ஆகாது. உடனடியாக உயிர் போய்விடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிச் செய்ததைத்தான் சட்டம் கட்டாயம் என்று ஏற்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் அதில் வராது. தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது பேசலாம். அதுவும் குற்றம் நிரூபணமான பிறகு.

ஓய்வு விதி மீறப்பட்டதா? மீறப்பட்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நீண்ட தூரத்துக்கு அனுமதி வாங்கினால்கூட 10 மணி, 54 மணி. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் சேர்ந்தாற்போல் 9 மணி ஓய்வு. இந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. உங்கள் பயணம் அதற்கு முந்தியது என்பதால் பழைய கணக்குத்தான். ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்கே அது பொருந்தும் என்பதால், மூன்று வண்டி தன் பெயரில், இரண்டு வண்டி மனைவி பெயரில் என்று உரிமையாளர் காகிதம் காட்டுவார். மாற்று ஓட்டுநர் இல்லை என்பதைப் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதியை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த நிபந்தனை. 2025 மார்ச்சில் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு, உங்களுக்கு அதில் உரிமை ஒன்றும் பிறக்காது.

மங்களூரில் வரிசையில் நின்ற பகலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வேலை நேரமா, ஓய்வா? முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குள் இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்கிறது 1961 சட்டம். அதைக் காட்டி, ஆள் பகலெல்லாம் ஓய்வில்தான் இருந்தான் என்பார் உரிமையாளர். உங்கள் பக்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 133-ஆம் விதிப்படி, அபாயகரமான சரக்கு வண்டி ஓடாமல் நிற்கும்போதும் ஓட்டுநரோ 18 வயது தாண்டிய தகுதியான வேறொருவரோ அதைக் கண்காணித்தபடி இருக்க வேண்டும். தீப்பற்றாத, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதும் ஓட்டுநரின் பொறுப்பு. தாபா வாசலில் நிறுத்திவிட்டுக் கயிற்றுக்கட்டிலில் படுத்துவிட உங்களுக்கு வழியில்லை. வண்டியைக் காத்துக்கொண்டு கேபினில் சாய்ந்திருப்பதை ஓய்வு என்று எண்ணுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. கேபினில் சமையல் பாத்திரமும் ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாழ்கிறவர்களுக்காக இந்த வாதத்தை யாராவது உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்த ஆள் நீங்களாக இருக்கக்கூடாது. பெருந்துறை வழக்கு உங்கள்மேல் நிலுவையில் இருக்கும்போது கூடவே கூடாது.

ஏனென்றால் ஓவர்டைம் கேட்டு நீங்கள் நிரூபிக்கும் ஒவ்வொரு மணி நேரமும், களைப்போடு ஓட்டியதற்கான ஆதாரமாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் வந்து நிற்கும். இந்தக் குழியில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் சங்கத்துக்காரர் எழுதித் தந்த மனுவில் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தார். "இரவு முழுவதும் தூங்கவிடாததால் கண் அயர்ந்து விபத்து நேர்ந்தது" என்று ஒரு வரி. அனுதாபம் கிடைக்கட்டும் என்று சேர்த்த வரி அது. விசாரணையில் அந்த அலுவலகத்தின் எழுத்தரைச் சாட்சியாக அழைத்து மனுவைத் தாக்கல் செய்தார்கள். சாலையில் பார்த்த சாட்சிகள் இருவரும் பிறழ்ந்திருந்தார்கள். வழக்கு ஏறக்குறைய விழுந்திருந்தது. அந்த ஒரு வரியை வைத்துத் தண்டித்தார்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தொழிலாளர் அதிகாரிக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதியது, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவை உங்களுக்கு எதிராக நிற்கும்.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. "கண் அசந்தது போல இருந்தது" என்கிறீர்கள். அசந்ததா இல்லையா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. அது ஏமாற்று வேலை இல்லை, உங்கள் உரிமை.

அதே காரணத்துக்காக உரிமையாளர் நீட்டும் டிரிப் ஷீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய் ஆவணம். பொய்ச் சாட்சியம் உருவாக்கிய குற்றம் தனியாக வரும். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று எண்ணெய் நிறுவனத்தின் கண்காணிப்புப் பதிவு காட்டிவிடும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள், பைக் குறுக்கே வந்ததையும் சேர்த்து. போதிய ஓய்வு கொடுத்தேன், தவறு முழுக்க அவனுடையது என்று உரிமையாளர் கைகழுவவும் அந்தக் காகிதம் உதவும். அந்த ஜி.பி.எஸ். பதிவில் மோதும்போது இருந்த வேகமும் இருக்கும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம், ஆனால் மணிக்கணக்கும் அதே பதிவில்தான் வரும். அதைக் கேட்டு வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

உங்கள் வழக்கறிஞர் என்று அழுத்திச் சொல்கிறேன். உரிமையாளர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் உரிமையாளரைக் காப்பாற்றவே வருவார். "ஒப்புக்கொள், அபராதத்தோடு முடித்துத் தருகிறேன்" என்ற பேச்சைக் கேட்டு நீதிமன்றத்தில் தலையாட்டிவிட்டு, சிறைத் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. உயிர்ப்பலி வழக்கில் அபராதம் மட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே சம்பள விஷயத்தில் என் ஆலோசனை, சமரசம் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சம்பளமும் படியும் முழுதாக வர வேண்டும். குற்ற வழக்குக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரின் கட்டணத்தை அவர் ஏற்க வேண்டும். இவை எழுத்தில் இருக்கட்டும். செப்டம்பர் பயணத்தைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. ஓவர்டைம் தொகையை விட்டுவிடுங்கள். சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டியதுதான், எனக்கும் மனம் கசக்கிறது. ஆனால் அதற்காக ஐந்து ஆண்டுச் சிறையைப் பணயம் வைக்காதீர்கள். பேசும்போது "பணம் தராவிட்டால் எத்தனை மணி நேரம் ஓட்டவைத்தீர்கள் என்று போலீசில் சொல்வேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது மிரட்டிப் பணம் பறித்தல் என்ற புதுக் குற்றத்தில் கொண்டுபோய் விடும். உரிமையாளருக்குத் தன் நிலைமை தெரியும். நீங்கள் மிரட்டாமலே அவர் இறங்கி வருவார்.

இறந்தவரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நினைவில் வந்து உறுத்துகிறார்கள், உண்மையைச் சொன்னால் அவர்களுக்காவது நியாயம் கிடைக்கும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுத்தல் உங்களிடம் இருப்பது நல்லது. ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு உங்கள் ஒப்புதலை நம்பி இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கு அளவுக்கு நிரூபணம் கேட்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், நீங்கள் விடுதலையானாலும் கொடுக்கும்.

அங்கே ஓர் ஆபத்து உங்களுக்கே இருக்கிறது. இன்று இரவே உங்கள் லைசென்ஸை எடுத்து, அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கான மேற்குறிப்பு (எண்டார்ஸ்மென்ட்) எந்தத் தேதி வரை என்று பாருங்கள். மூன்று ஆண்டுதான் செல்லும், ஒரு நாள் பயிற்சி முடித்தால்தான் புதுப்பிப்பார்கள். லோடு லோடாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஒரு நாளைத் தள்ளிப்போட்டு விடுகிறார்கள். விபத்து அன்று அது காலாவதியாகியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கக் கிளம்பும். அதன் பிறகு உரிமையாளர் உங்களிடம் சமரசம் பேச மாட்டார். தேதி தாண்டியிருந்தால் அவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. நோட்டீசுக்கு நீங்கள் தயாரித்து இணைத்திருக்கும் நாலு பக்கப் பதிலை அனுப்ப வேண்டாம். அதில் இரண்டாவது பத்தியிலேயே தூக்கத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது, குற்றச்சாட்டை மறுக்கிறேன், நேரில் விசாரிக்க வாய்ப்புத் தாருங்கள் என்று மூன்று வரி போதும். விளக்கம் கேட்காமல் லைசென்ஸை முடக்க அவருக்கு அதிகாரமில்லை. முடக்கினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீசில் குறித்திருக்கும் கெடு தேதிக்குள் அந்த மூன்று வரியைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.