மீட்டரை நம்பலாமா? – வாங்கும் முன் கேள்வி-பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றிலிருந்து. பதில் சொல்பவர் நீண்ட காலப் புரோகிராமர். அதனால் காரானாலும் தண்ணீர் ஃபில்டரானாலும் ‘இந்த எண் எங்கிருந்து வருகிறது?’ என்றுதான் முதலில் கேட்பார்.

கேள்வி: பெங்களூரில் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். மீட்டரில் 58,000 கி.மீ. காட்டுகிறது. நம் ஊர் விலையைவிட நன்றாகவே குறைத்துச் சொல்கிறார்கள். ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வைத்து மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கலாமாமே? கேஏ நம்பர் வண்டியை இங்கே ஓட்டினால் பிரச்சினை வருமா? – காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: டாஷ்போர்டில் தெரியும் கி.மீ. என்பது ஒரு சின்ன மெமரி சிப்பில் எழுதி வைத்த எண், அவ்வளவுதான். எழுதத் தெரிந்தவருக்கு அழித்து எழுதவும் தெரியும். அதற்கான கருவி கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் திருப்புகிறவர் பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் கை வைப்பார். இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு சில கணக்குகள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது அவைதான்.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஈஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனர் போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் செருகி, ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஓபிடி ஆப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் என்றால் வைஃபை மாடல் வாங்குங்கள், சாதா புளூடூத் மாடல் அதில் சேராது.

காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யும் முன் போங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல் முதலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பாருங்கள். வெளியில் இருக்கும் வெப்பமே அதிலும் தெரிய வேண்டும். 65, 70 டிகிரி என்றால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தெரியும் நடுக்கமும் புகையும் உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அதன் காரணமாக இருக்கும். அப்போதே இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து ‘எரர் கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு வரி இருக்கும். எரர் கோடு என்பது இன்ஜின் கம்ப்யூட்டர் பழுதைக் குறித்து வைக்கும் எண். எல்லா வண்டியிலும் வராது, வந்தால் அதிர்ஷ்டம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 12 கி.மீ., 30 கி.மீ. என்று காட்டினால் விற்பதற்காக நேற்றுதான் கோடுகளை அழித்திருக்கிறார்கள். அதே ஆப்பில் ‘ரெடினஸ்’ பக்கத்தில் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று நின்றால் சந்தேகம் உறுதி. கோடு அழித்ததும் இன்ஜின் கம்ப்யூட்டர் அந்தச் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்குச் சில நாள் ஓட்டம் தேவை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி வரும். ‘பேட்டரி மாற்றினோம்’ என்றால் பில்லைக் கேளுங்கள்.

இன்னொரு விதம்தான் சுவையானது. அந்தத் தூரம் மீட்டரில் உள்ள கி.மீ.யைவிட அதிகமாக இருந்தால், உதாரணமாக மீட்டர் 58,000, இது 63,000 என்றால், மீட்டரோ இன்ஜின் கம்ப்யூட்டரோ மாற்றப்படவில்லை என்றால், மீட்டர் திருப்பப்பட்டிருக்கிறது. வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைவிடக் கோடு அழித்தபின் ஓடிய தூரம் பெரிதாக இருக்க முடியாது. இந்த எண்ணுக்கு இரண்டு பைட்தான் இடம், ஆகவே 65,535-க்கு மேல் போகாது. அந்த எண்ணே அப்படியே நின்றால் உண்மைத் தூரம் அதற்கும் மேலே. தூரம் ஒழுங்காக இருக்கிறது என்பதை மட்டும் இதை வைத்து நிரூபிக்க முடியாது. பொய்யைத்தான் பிடிக்கலாம்.

ஸ்கேனர் இல்லாமலும் பார்க்க வேண்டியவை உண்டு. சாவி ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை அடைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 58,000 ஓடிய வண்டியில் ஸ்டெப்னி உட்பட ஐந்தும் புதுத் தேதி என்றால் ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட நம்பகமானது அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ள பழைய ஜாப் கார்டுகள். ஒவ்வொன்றிலும் அன்றைய கி.மீ. இருக்கும். ஓனரையே கூட வைத்துக்கொண்டு கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆப்பில் ‘கோடு அழி’ பட்டனைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரியை மெல்லத் தின்னும். அதே சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே கண் சிமிட்டும் விளக்குதான் இருக்கிறது.

இனி காகிதம். கேஏ வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம் பதிவெண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ‘மாதம் ஒரு முறை கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிவிட்டு வந்தால் போதும்’ என்பது டீக்கடைச் சட்டம். விற்பவர் கர்நாடக ஆர்டிஓவில் படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கித் தர வேண்டும். கைமாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு 35. பிறகு கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70, தருமபுரி டிஎன் 29 என்று உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தில் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். இந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள், நீங்கள் சொன்ன ‘குறைந்த விலை’ பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம்தான். வரும்போது வரட்டும், விலை பேசும்போது அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காரில் வேலைக்குப் போகிறேன். ஃபாஸ்டேக் வருடப் பாஸ் லாபமா? – ஓசூர் வாசகர்

பதில்: லாபம்தான், ஆனால் பெயரைப் பார்த்து ஒரு வருடம் வரும் என்று நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்குத் தொடங்கிய இந்தப் பாஸ் ஒரு வருடம் அல்லது 200 முறை, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். டோல்கேட்டைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்பதால் போக வர இரண்டு கழியும். தினப் பயணம் என்றால் 100 வேலை நாள், அதாவது நாலு மாதம் சொச்சம். முடிந்ததும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். டோல்கேட்டிலிருந்து 20 கி.மீ.க்குள் வீடு என்றால் உள்ளூர் மாதப் பாஸ் இதைவிட மலிவாக இருக்கலாம், ஆதாரோடு டோல் அலுவலகத்திலேயே கேளுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் முந்தைய ஓனரின் டேக்கை மூடச் சொல்லிவிட்டுப் புதிது போடுங்கள். சேஸிஸ் நம்பரில் மட்டும் பதிவான டேக்குக்கு வருடப் பாஸ் கிடையாது.

கேள்வி: போர்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். மெக்கானிக் டிடிஎஸ் மீட்டர் வைத்து 440 காட்டி, ‘நல்ல தண்ணீர்’ என்றார். எங்கள் பக்கம் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்களே, இது போதுமா? – பென்னாகரம் வாசகர்

பதில்: போதாது. டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை. அதிலிருந்து மொத்த உப்பை மதிப்பிட்டு ஓர் எண் காட்டுகிறது. அந்த 440-ல் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டிடிஎஸ் 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது. ஃபுளோரைடுக்கோ லிட்டருக்கு 1 மி.கி.தான், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. இவ்வளவு சின்ன அளவு அந்த மொத்தத்தில் ஒளிந்துகொள்ளும்.

மெஷினில் ‘டிடிஎஸ் அட்ஜஸ்டர்’ என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதா பாருங்கள். வில்லன் அதுதான். சுவைக்காகவும் மினரலுக்காகவும் என்று சொல்லி, மெம்பிரேனுக்கு, அதாவது உப்பை வடிகட்டும் சவ்வுக்கு, போகாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலக்கிறது. கணக்குப் போடுவோம். போர்த் தண்ணீரில் டிடிஎஸ் 1,200, ஃபுளோரைடு 3 மி.கி. என்று வையுங்கள். மெம்பிரேன் சுமார் 90 சதவீதம் வடிகட்டினால் வெளியே வருவது 120, 0.3. இரண்டுமே அருமை. இதில் 30 சதவீதம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்தால் டிடிஎஸ் 444, ஃபுளோரைடு 1.11. மீட்டர் பாஸ் போடுகிறது, ஃபுளோரைடோ அளவைத் தாண்டிவிட்டது. உங்கள் 440 இப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், பழகிவிடும். பிறகு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர்த் தண்ணீர் ஒன்று, ஆர்.ஓ. தண்ணீர் ஒன்று என இரண்டு மாதிரி கொடுத்து, ‘ஃபுளோரைடு’ என்று குறிப்பிட்டுச் சோதியுங்கள். பிளாஸ்டிக் கேனில் எடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. திருகு மூடிய நிலையில் மாதம் ஒரு முறை உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து எழுதி வையுங்கள். 1,200 உள்ளே போய் 120 வந்துகொண்டிருந்த இடத்தில் 250, 300 வரத் தொடங்கினால் மெம்பிரேன் போய்விட்டது. மெக்கானிக் சொல்லும் தேதி இல்லை, இந்தக் கணக்குதான் மாற்றும் நேரத்தைச் சொல்லும்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது இன்னும் அடர்த்தியாகும். கார்பன் ஃபில்டரும் யுவி விளக்கும் இதற்கு உதவாது. சோறு, பருப்பு வேகவைக்கவும் வடிகட்டிய தண்ணீரே வேண்டும். பலர் குடிக்க மட்டும் ஆர்.ஓ., உலைக்குப் போர்த் தண்ணீர் என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் மேலே, வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். அந்தத் திட்டமே ஃபுளோரைடுக்காகப் போட்டதுதான். அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்க வைத்தாலே போதும்.

கேள்வி: மளிகைக் கடையில் பத்து வருடமாக ஒரே பில்லிங் சாஃப்ட்வேர், ஒருமுறை பணம் கட்டி வாங்கியது. இப்போது வருடச் சந்தா சாஃப்ட்வேர் விற்க வருகிறார்கள். மாறலாமா? – பாலக்கோடு வாசகர்

பதில்: சந்தாவா, ஒரே பணமா என்பது இரண்டாவது கேள்வி. சந்தா கட்டாமல் விட்டால் பழைய பில்களைத் திறந்து பார்க்க முடியுமா என்பதே முதல் கேள்வி. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த வருட ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் கணக்கு இன்னொருவர் பூட்டுக்குள் இருக்கக் கூடாது. ‘எக்ஸ்போர்ட் உண்டு’ என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெமோவிலேயே சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி, பில் வாரி விற்பனை மூன்றையும் எக்செல்லாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் கொடுத்தால் அது எக்ஸ்போர்ட் ஆகாது.

பத்து வருடப் பழைய சாஃப்ட்வேர் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். சரக்குப் பெயர்களை பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில் ‘துவரம் பருப்பு’ என்று தெரிவது எக்செல்லில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மலிவான தெர்மல் பிரின்டர்களுக்குத் தமிழ் தெரியாது. சாஃப்ட்வேர் பில்லைப் படமாக்கி அனுப்பினால்தான் அச்சாகும், அதனால் மெதுவாக வரும். உங்கள் பிரின்டரிலேயே இருபது ஐட்டம் பில் ஒன்று போடச் சொல்லிப் பாருங்கள். மாலை நேரக் கூட்டத்தில் அது தாங்குமா என்று தெரிந்துவிடும்.

மாறுவதானால் ஏப்ரல் 1-ல் மாறுங்கள், பில் எண் வரிசை புதிதாகத் தொடங்கும். பேக்கப்புக்கு இரண்டு பென் டிரைவ், ஒன்று கடையில், ஒன்று வீட்டில், தினமும் மாற்றி மாற்றி. செருகியே வைத்த பென் டிரைவ் பேக்கப் ஆகாது. வைரஸ் வந்தால் கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பைத் திறந்து, நேற்றைய விற்பனையும் ஏதாவது ஒரு சரக்கின் இருப்பும் ஒத்துவருகிறதா பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை இல்லாததாகவே வையுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறங்கி முடித்ததும் கருகின வாசனை, பிரேக் பெடலும் கொஞ்சம் மெத்தென்று போகிறது. பேட் மாற்ற வேண்டுமா? – நல்லம்பள்ளி வாசகர்

பதில்: பேட் 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் பெடல் மெத்தென்று போவது பிரேக் ஆயில் பக்கம் கை காட்டுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது எளிது. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேன் உங்கள் கண் முன்னால் உடைக்கப்பட வேண்டும், திறந்து வைத்த கேன் வேண்டாம். மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள், டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு சேராது.

இறங்கும் முன்பே, மேட்டிலேயே வேகத்தைக் குறைத்து, லீவரை மேனுவலுக்குத் தள்ளி 2 அல்லது 3-ல் வையுங்கள். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் ‘எல்’ நிலையில். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாக மிதியுங்கள், கால் வைத்தே இருக்காதீர்கள். நியூட்ரல் கூடவே கூடாது. வாசனை வந்துவிட்டால் ஓரமான பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும்.